பூவரசடிப் பானை

மனு எழுதுவதில் எங்கள் ஒன்றியத்திலேயே எனக்கு நிகர் கிடையாது. தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருடம் மற்றவர்கள் எழுதிய மனுவைப் படித்துக் குறிப்பு வைத்தவன், ஓய்வு பெற்ற பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். தெருவிளக்கு எரியவில்லையா, வாய்க்காலைத் தூர் வாராமலே வாரியதாகக் காட்டிவிட்டார்களா, "நடராசன் சார்ட்ட போங்க" என்பார்கள் ஊரில். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் சட்டைப்பையில் பேனாவைச் செருகும்போதே கொஞ்சம் நிமிர்ந்து கொள்வேன்.

இந்த வருடம் ஆகஸ்டில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டேன். கொசு ஒழிப்புக்கும் சுகாதாரத்துக்கும் எங்கள் ஊராட்சியில் ஒரு வருடத்தில் என்ன செலவு? புகை மருந்து, அதற்கு டீசல், தண்ணீரில் விடும் அபேட் மருந்து, பிளீச்சிங் பவுடர், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் டெங்குப் பணியாளர்களுக்குக் கூலி என்று நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு டீக்கடையில் படித்துக் காட்டினேன். இவ்வளவு செலவு பண்ணியும் சாயங்காலம் ஆனால் வாசலில் உட்கார முடியவில்லையே, பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் இந்தக் கேள்விக்குத் தலையாட்டாதவர்கள் யார் இருக்கிறார்கள்.

அந்தக் கூலிக் கணக்கில் ஒருத்தி மலர்க்கொடி. காலனிப் பெண். நாற்பது வயதிருக்கும். புருஷன் திருப்பூரில் எங்கோ இருக்கிறான், பணம் அனுப்புவதில்லை. மகள் செம்மொழி திருவாரூரில் நர்சிங் இரண்டாம் வருடம். நீல நிற மேல்கோட்டும் கையில் டார்ச் லைட்டும் தோளில் மருந்துப் பையுமாக மலர்க்கொடி எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை வருவாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் அட்டை மாட்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டி, பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் அவள் வேலை.

எங்கள் வீடு ஒரே நீளம். வாசலில் நுழைந்தால் கூடம், சமையலறை எல்லாவற்றையும் தாண்டித்தான் கொல்லைக்குப் போக முடியும். பக்கத்தில் ஒரு சந்து உண்டு, அதற்கு இரும்புக் கதவு. மாடு திருட்டுப் போன வருடத்திலிருந்து பூட்டியே கிடக்கிறது. அதன் சாவி ஒன்று மாட்டைப் பார்த்துக்கொள்ளும் மருதையனிடம் இருக்கும், இன்னொன்று எங்கள் வீட்டில் எங்கோ இருக்கும்.

மலர்க்கொடி முதல் செவ்வாய் வந்தபோது மாடித் தொட்டியை வெளிப்படி வழியாக ஏறிப் பார்த்தாள். வாசல் பூந்தொட்டிகளைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாள்.

"சார், கொல்லைப் பக்கம் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"அங்க என்னம்மா இருக்கு. மாட்டுக் கொட்டகைதான்."

"சந்துக் கதவத் தெறந்து விட்டாக்கூடப் போதும் சார். வீட்டுக்குள்ள வரல."

"சாவி எங்க கெடக்கோ. எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. பாத்தாச்சுன்னு போட்டுட்டுப் போ."

அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "பாக்காதத எப்படி சார் போடறது. பின்பக்கம் பாக்கலன்னு எழுதிடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "என் வீட்டு வாசல்லயா? ரிட்டயர்டு ஆபீசர் வீட்டுல உள்ள விடலன்னு போறவன் வர்றவனெல்லாம் படிக்கணுமா? முழுசா பாத்தாச்சுன்னு போடும்மா."

போட்டாள். அடுத்த செவ்வாயும் கேட்டாள். அதற்கடுத்த செவ்வாயும் கேட்டாள். ஆறு வாரம் கேட்டாள், ஆறு வாரமும் நான் அதே பதிலைச் சொன்னேன், ஆறு கையெழுத்து அட்டையில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறியது. உள்ளே வராதே என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன், பின்னால் உபயோகப்பட்டது. எனக்கு அந்த மாதிரி வித்தியாசம் பார்க்கும் புத்தியெல்லாம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆபீசில் எல்லோரோடும் ஒரே மேசையில் சாப்பிட்டவன் நான்.

செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் என் மனைவி ஞானாம்பாளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை, ஈறில் ரத்தம் கசிந்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணு இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. கொசுவலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். வேளாவேளைக்கு ரத்தம் எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. முழுக்க அரசாங்கச் செலவு. அந்த ஒன்பது நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனதுக்குள் அரசாங்கத்தைத் திட்டி மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

துபாயிலிருந்து மகன் பரணிதரன் தினமும் கூப்பிட்டான். "ஏம்பா, ஊர்ல கொசு மருந்துக்குன்னு ஆளு வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே. அவங்க என்னதான் பண்றாங்க?"

"பாக்காமலே கையெழுத்துப் போடறாங்க" என்றேன். வாயில் வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் அது உண்மைதானே என்று தோன்றியது. பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் என்னை விடவில்லை, நானும் அதை விடவில்லை.

ஞானாம்பாளை அக்டோபர் ஒன்றாம் தேதி வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாள் காந்தி ஜெயந்தி, கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஒன்றிய ஆபீசிலிருந்து பி.டி.ஓ. வந்திருந்தார். ஊராட்சி செயலர் குணசேகரன் வழக்கம்போல வரவு செலவு படித்தார். சுகாதாரம் என்று அவர் சொன்னதும் எழுந்து மைக்கை வாங்கினேன். என் வீட்டு அட்டையைக் கையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தேன்.

"ஆறு வாரம், ஆறு கையெழுத்து. என் வீட்டுக் கொல்லையில இந்தம்மா ஒரு நாளாவது கால் வெச்சாங்களான்னு கேளுங்க. இதுக்குத்தான் நம்ம வரிப்பணம் போவுது. என் சம்சாரம் செத்துப் பொழச்சு வந்திருக்கா."

கைத்தட்டினார்கள். பி.டி.ஓ. மலர்க்கொடியைக் கூப்பிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். அவள் பின்னாலேயே மகள் செம்மொழியும் வந்து இரண்டடி தள்ளி நின்றது.

"கொல்லையப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார். கேட்டேன். சார் வேணாம்னு சொல்லிட்டாரு. பாத்தாச்சுன்னு எழுதவும் அவருதான் சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுகூட எனக்கு ஒரு வழி இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் முப்பத்து நாலு வருடம் குறிப்பு வைத்துப் பழகிய குரலில் கேட்டேன்.

"உள்ள வராதேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ஒரு நாளாவது அந்த வார்த்தையச் சொல்லியிருக்கேனா? சொல்லு."

அவள் யோசித்துப் பார்த்தாள். நேர்மையாக யோசித்தாள் என்பதுதான் இப்போதும் என்னால் தாங்க முடியாதது. "அப்படிச் சொல்லல சார்" என்றாள். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, திரும்பி மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நீல மேல்கோட்டையும் டார்ச் லைட்டையும் குணசேகரனின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் யாருக்கும் சொல்லாமல் இருபத்தாறு நாள் வைத்திருந்தேன்.

அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் ஞானாம்பாள் படுத்தபடியே கேட்டாள். "பானைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"எந்தப் பானைக்கு?"

"பூவரசு மரத்தடியில, வேலைக்கு வர்றவங்களுக்கு வைக்கிறது. பத்து நாளா யாரும் ஊத்தியிருக்க மாட்டாங்களே. குடிக்கத் தண்ணி இல்லாம இருக்கக்கூடாதுங்க, பாவம்."

எனக்கு அப்போதுதான் அப்படி ஒரு பானை இருப்பதே ஞாபகம் வந்தது. என் அப்பா காலத்தில் வைத்தது. கொல்லை வேலைக்கும் களத்து வேலைக்கும் காலனியிலிருந்து வருகிறவர்கள் குடிப்பதற்கென்று தனியாக ஒரு மண்பானை, கொட்டகைத் தூண் ஆணியில் அதற்கென்று ஓர் அலுமினிய டம்ளர். பானை உடைந்தால் வேறு பானை வரும், இடம் மட்டும் மாறாது. இப்போது வேலைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அந்தப் பானையை யாரும் தொட்டு எத்தனை வருடம் ஆனதோ தெரியாது. ஆனாலும் என் அம்மா செய்ததை ஞானாம்பாள் விடாமல் செய்துகொண்டிருந்தாள். தினம் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது இதிலும் ஒரு சொம்பு. அவளுக்கு அது தர்மக் கணக்கு.

சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா எப்படி ஊற்றுவாள் என்பது என் கைக்குத் தெரிந்திருந்தது. பானையில் சொம்பு படக்கூடாது, கையும் படக்கூடாது. ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அப்படித்தான் தூக்கினேன். ஊற்றுவதற்கு முன்னால் தற்செயலாக உள்ளே பார்த்தேன்.

தண்ணீர் முழுக்கப் புழு. நெளிந்து நெளிந்து மேலே வந்து வாலை நீட்டி மூச்சு வாங்கிக் கீழே போய்க்கொண்டிருந்தன. விளிம்பைச் சுற்றி உள்பக்கம் கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. பொடியில்லை, முட்டைகள். பானையின் கழுத்திலிருந்து பாதி வரை பாசி. அதை யாரும் கவிழ்த்ததில்லை, கழுவியதில்லை. கழுவ வேண்டுமானால் தொட வேண்டுமே. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டோம். குடிப்பவர்களும் இல்லை. ஆகவே தினம் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, கலைக்காமல், கவிழ்க்காமல், வருடக்கணக்கில் நாங்களே கொசு வளர்த்திருக்கிறோம்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு நான் முதலில் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. மாடு கட்டும் கழியை எடுத்துப் பானையைக் கவிழ்த்தேன். அப்போதும் கையால் தொடவில்லை. கழி பட்டுப் பானை உடைந்து, புழுவெல்லாம் மண்ணில் துடித்தன. ஓடுகளைக் கழியாலேயே சாணிக் குழிக்குள் தள்ளினேன்.

நாலு பக்கக் கணக்கில் நான் தேடிய பணம் எங்கே போயிற்று என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. எங்கும் போகவில்லை. மருந்தும் டார்ச் லைட்டும் கூலி வாங்கும் ஒரு பெண்ணுமாக என் வீட்டு வாசல்படி வரை ஆறு வாரம் ஒழுங்காக வந்திருக்கிறது. அதற்கு மேல் வர நான்தான் விடவில்லை.

உள்ளே போனேன். "ஊத்தியாச்சா?" என்றாள் ஞானாம்பாள். ஆச்சு என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் மனு எழுதவில்லை. டீக்கடைப் பக்கம் போகவில்லை. யாராவது வந்து, "பொட்டுல அடிச்ச மாதிரி கேட்டீங்க சார்" என்றால் சோறு இறங்காது. ஒரு நாள் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த மருதையன், பானை இருந்த இடத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி சாணி அள்ளக் குனிந்தான். என்னைவிட நாலு வயது மூத்தவன் மருதையன். நான் அவனை வாடா போடா என்பேன், அவன் என்னை ஐயா என்பான். எழுதும்போதுகூட 'அவன்' என்றுதான் வருகிறது, பாருங்கள்.

"மலர்க்கொடி இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டேன். மலர்க்கொடி அவன் தம்பி மகள்.

"பேராவூரணிப் பக்கம் தேங்கா மட்ட உரிக்கிற எடத்துக்குப் போவுதுங்க ஐயா. மொத பஸ்ஸுக்குப் போயி கடைசி பஸ்ஸுக்கு வருது. கையெல்லாம் புண்ணு. பொண்ணுக்கு அடுத்த மாசம் பீஸ் கட்டணும்ல." வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான். "கொல்லைக்கு ஏன் போவலன்னு நாந்தாங்க அதத் திட்டுனேன். எங்கிட்டதான் சந்துச் சாவி இருக்கே, கேட்டிருந்தா தெறந்து விட்டிருப்பேன்ல. ஐயாவக் கேக்காம நொழையக்கூடாது பெரியப்பான்னுச்சு."

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். பி.டி.ஓ.வுக்கு. என் வீட்டின் பின்புறத்தில் இருந்த ஒரு பழைய பாத்திரத்தில் கொசுப்புழு காணப்பட்டதாகவும், பின்புறத்தைப் பார்வையிட மேற்படி பணியாளர் கேட்டும் என் கவனக்குறைவால் இயலாமல் போனதாகவும், அவரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும் என்றும். நல்ல மனுதான். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். மலர்க்கொடி வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலிலேயே போட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கடிதத்தைக் கொடுத்தேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நிதானமாக முழுதும் படித்தாள். நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்.

"பழைய பாத்திரம்னு போட்டிருக்கீங்க" என்றாள்.

"ஆமாம்மா. கொல்லையில கெடந்தது. எனக்கே தெரியல."

"பூவரசடிப் பானைதானே சார்?"

நான் தலையாட்டினேன்.

"எட்டு ஒம்போது வயசுல அப்பாவோட உங்க வீட்டுக் களத்துக்கு வருவேன். அந்தப் பானையிலதான் தண்ணி குடிப்பேன். உங்க அம்மா காலையில வந்து மேலேந்து ஊத்துவாங்க, தெறிக்கும். அத வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பேன். அது கழுவாத பானைன்னு அப்பவே தெரியும் சார். டெங்கு டிரெய்னிங்ல படம் போட்டுக் காட்டுனாங்கல்ல, தண்ணிய மாத்தாம மேல மேல ஊத்துனா புழு வைக்கும்னு, எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வந்துச்சு. அதப் பாக்கத்தான் ஒவ்வொரு வாரமும் கேட்டேன்."

"அப்ப அன்னிக்கு ஏம்மா சொல்லல? பி.டி.ஓ. இருந்தாரு. பானை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரா வந்து பாத்திருப்பாங்களே. வேலையும் போயிருக்காதே."

அவள் கடிதத்தை மடித்தாள். "என்ன பானைன்னு கேப்பாங்கள்ல சார். எம் பொண்ணு பக்கத்துல நின்னுச்சு. அதுக்கு இதெல்லாம் தெரியாது, நான் சொன்னதில்ல. அவ்ளோ பேரு முன்னால, அதுலதான் நான் தண்ணி குடிச்சேன்னு அது காதுல விழற மாதிரி சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அந்த வெட்கம் அவளுடையது இல்லை. ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ளாமல் கிடந்த வெட்கம் அது. அதை அவள் தூக்கிக்கொண்டு, அதற்கு விலையாகத் தன் வேலையையும் கொடுத்திருக்கிறாள். நான் 'பழைய பாத்திரம்' என்று எழுதி அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"குடும்மா, மாத்தி எழுதறேன்" என்றேன்.

"மாத்துனாலும் சரி, மாத்தாட்டியும் சரி சார்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒண்ணாந்தேதிக்குள்ள குடுத்துடுங்க. மழை வந்துடுச்சுன்னு புதுசா ஆள் எடுக்கறாங்களாம்."

வீட்டுக்கு வந்து ஞானாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தொட்டுக் கழுவியிருந்தா வந்திருக்காது இல்ல" என்றாள். பிறகு, "புண்ணியம்னு நெனச்சில்ல ஊத்துனேன்" என்று அழுதாள். அழ வேண்டியவன் நான்தான், எனக்கு அழுகை வரவில்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி உள்ளாட்சி தினக் கிராம சபை. தூறலாக இருந்ததால் பள்ளிக்கூடத்தின் உள்ளே நடந்தது. சுகாதாரம் வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்தேன். போன கூட்டத்தில் நான் சொன்னது தவறு, மலர்க்கொடி பார்க்கக் கேட்டாள், நான்தான் தடுத்தேன், பொய்யாக எழுதச் சொன்னதும் நான்தான், புழு என் வீட்டில்தான் இருந்தது என்றேன். குணசேகரன் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார்: "அன்னாரது வீட்டின் பின்புறம் பழைய பாத்திரம் ஒன்றில்..."

பின்னாலிருந்து யாரோ, "இதச் சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும்ல" என்றார். சிலர் கைத்தட்டப் போனார்கள். உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேலை கிடைத்துவிடும், பெயரும் போகாது. பெண்கள் பக்கம் பார்த்தேன். மலர்க்கொடி தலையைக் குனிந்திருந்தாள். செம்மொழி நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய பாத்திரம்னு எழுதாதீங்க குணசேகரன். காலனி ஆளுங்க குடிக்கிறதுக்குன்னு என் வீட்டுல தனியா வெச்சிருந்த பானைன்னு எழுதுங்க. நாங்க தொடமாட்டோம், அதனால கழுவினதில்ல. அதையும் எழுதுங்க."

குணசேகரனின் பேனா நின்றது. "சார், இதெல்லாம் மினிட்ஸ்ல வேணாம் சார். கேஸ் ஆயிடும்."

"ஆவட்டும்."

எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "உக்காருங்க சார். உங்க வீட்டுல மட்டுமா இருக்கு, இப்ப எதுக்கு அதெல்லாம்." யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைத்தட்ட எழுந்த கைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. குணசேகரன் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு நான் சொன்னதை நான் நிற்கும்போதே எழுதினார். வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டு முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மலர்க்கொடி வந்தாள். அதே நீல மேல்கோட்டு, அதே டார்ச் லைட். தெருவில் என் வீட்டுக்கு முந்தின இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லையாம். நான் வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். சந்துக் கதவையும் எண்ணெய் விட்டுத் திறந்து வைத்திருந்தேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, "சந்து வழியாவே போறேன் சார், கால்ல சேறு" என்று போனாள்.

பின்னாலேயே போனேன். கொட்டகைத் தொட்டியைப் பார்த்தாள். சாணிக் குழி ஓரம் கிடந்த தேங்காய் ஓடுகளைக் காலால் கவிழ்த்தாள். பூவரசடிக்கு வந்தாள். பானை இருந்த இடம் மட்டும் புல் முளைக்காமல் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. அங்கே டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"டம்ளர் எங்க சார்?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். பானையை உடைத்தவன், ஊர் முன்னால் பேசியவன், டம்ளரை மறந்துவிட்டேன். அது கொட்டகைத் தூணில் அதே ஆணியில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் சொட்டி அதில் கால்வாசி நிறைந்திருந்தது. மலர்க்கொடி தேடவில்லை, எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய் எடுத்தாள். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

"ரெண்டு புழு இருக்கு. இதையும் எழுதணும் சார்."

"எழுதும்மா" என்றேன்.

அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் டம்ளரை என்னிடம் நீட்டினாள். சின்ன டம்ளர். விளிம்பு நசுங்கி, ஒரு குழந்தையின் வாய்க்கு எட்டும் அளவில் வளைந்திருந்தது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நான், அதை அறுபத்தேழாவது வயதில் முதல் முறையாகக் கையில் வாங்கினேன். அவள் எழுதி முடிக்கும் வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.